நிழல் விழாத படகு

தெய்வசிகாமணி ஒரு பொய்யை ஊரில் நாலு பேரிடம் சொல்லிவிட்டால் போதும். அடுத்த ஆளாகத் தானே வந்து நின்று அதை நம்பிவிடுவார்.

சென்ற வாரம் அவரைக் கல்வி அலுவலகத்தின் மாடிப்படியில் விட்டுவிட்டு வந்தோம். வைத்திக்குப்பத்தில் எவளோ ஒரு வாத்தியாரம்மா, பால் மணம் மாறாத பிள்ளைகளைப் 'படகு, படகு' என்று கத்த வைத்து, எதிர் வேட்பாளர் தணிகாசலத்தின் சின்னத்துக்குப் பிரசாரம் செய்கிறாள், அவளை உடனே வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று இன்ஸ்பெக்டரின் மேசையைத் தட்டிவிட்டு, மீசையைத் தடவியபடி இறங்கிக்கொண்டிருந்தார்.

அந்த வாத்தியாரம்மா அவருடைய சொந்த மருமகள் சுலோசனா. இது வாசகர்களுக்குத் தெரியும். அவர் மனைவி ஜெயத்துக்குத் தெரியும். வைத்திக்குப்பத்து நாய்களுக்குக்கூடத் தெரியும். அவருக்குத்தான் தெரியாது. மருமகள் கடற்கரைச் சாலையில் ஒரு பெரிய பெண்கள் பள்ளியில், மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து பாடம் நடத்துகிறாள் என்று சம்பந்தி வீட்டிலிருந்து சலூன் வரைக்கும் சொல்லி வைத்திருந்தார். சொல்லிச் சொல்லி, அந்த மின்விசிறியின் காற்று தன் மேலேயே படுவதாக அவருக்குத் தோன்ற ஆரம்பித்துவிட்டது.

பிரெஞ்சுக்காரன் காலத்தில் மேரியில், அதாவது நகரசபை ஆபீசில், பிறப்பு இறப்பு எழுதியவர் தெய்வசிகாமணி. கொடி மாறிய பிறகு பிறப்பும் இறப்பும் அவர் உதவி இல்லாமலே நடந்துகொண்டிருந்ததில் அவருக்கு வருத்தம் உண்டு. அதனால் இந்த ஆண்டு சபைத் தேர்தலில் சுயேச்சையாக நின்றுவிட்டார். சின்னம் குடை. முதலில் அவமானமாகத்தான் இருந்தது. அப்புறம் குடையைப் பற்றி ஒரு தத்துவம் கண்டுபிடித்துக்கொண்டு, போகிற இடமெல்லாம் விரித்த குடையோடு போக ஆரம்பித்தார். மாடிப்படி ஏறும்போதும் மடக்குவதில்லை.

அந்தக் குடைதான் இந்த வாரம் அவரைக் காட்டிக் கொடுத்தது.

காலையில் சுலோசனா பையில் அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். துணிக்கடைப் பெட்டிகளை வெட்டிச் செய்த அட்டைகள். மேலே படம், கீழே ஒரே ஒரு சொல். மீன், வலை, நண்டு, வடை, அம்மா, படகு. படமும் எழுத்தும் அவள் புருஷன் இராமதாஸ் வரைந்தவை. கடைப் பலகை எழுதுவது அவன் தொழில். மேரியில் உத்தியோகம் பார்த்த வம்சத்தில் பிறந்து பெயின்ட் டப்பா தூக்குகிறானே என்று அப்பாவுக்கு அவன் மேல் மனத்தாங்கல்.

"இன்னிக்கு இன்ஸ்பெக்டர் வராருங்க" என்றாள் சுலோசனா. "டெம்பரவரி போஸ்டு ஆடியோட முடியுது. அவரு பாத்துட்டு எழுதறதுலதான் எல்லாம் இருக்குது. இதுல எவனோ ஒருத்தன் போயி என் மேல புகார் வேற சொல்லியிருக்கானாம்."

"எவனாம்?" என்றான் இராமதாஸ், பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் அலசிக்கொண்டே.

"பேரு தெரியல. பியூன் சொன்னான். யாரோ பெரிய மனுஷனாம். பிரெஞ்சுலயே கத்தினானாம். குடைய விரிச்சுக்கிட்டே மாடி ஏறி வந்தானாம்."

பிரஷ் நின்றது. அடுப்படியில் ஜெயத்தின் கரண்டியும் நின்றது. மூன்று பேரும் ஒரே திசையில் பார்த்தார்கள். கொல்லைப்புறத்தில், ஊர் முழுக்கக் கேட்கும்படி ஒரு வேட்பாளர் வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தார்.

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தபடி உள்ளே வந்ததும் ஜெயம் நேராகவே கேட்டாள். "இன்ஸ்பெக்டராண்ட போயி கத்திட்டு வந்தது நீங்கதானா?"

"நானேதான்!" என்றார் பெருமையாக. "அந்தப் படகுக்காரி இன்னியோட காலி."

"அந்தப் படகுக்காரி இதோ நிக்கறா. இட்லி வேணும்னா அவகிட்ட கேளுங்க."

தெய்வசிகாமணி சுலோசனாவைப் பார்த்தார். பையிலிருந்து எட்டிப் பார்த்த அட்டையைப் பார்த்தார். அதில் ஒரு படகு பாய் விரித்து ஜோராகப் போய்க்கொண்டிருந்தது.

"என் மருமவ பீச் ரோட்டு ஸ்கூல்ல இல்ல வேலை பாக்குது?"

"அது நீங்க போட்டுக் குடுத்த வேலை. கவர்மெண்டு போட்டுக் குடுத்தது வைத்திக்குப்பத்துக் கொட்டாய்" என்றாள் ஜெயம்.

சுலோசனா அந்த அட்டையைப் பைக்குள் தள்ளினாள். குரலை உயர்த்தவில்லை. "மாமா, அவரு வரதுக்குள்ள நீங்க ஒரு வார்த்தை போயி சொல்லிடுங்க. தெரியாம சொல்லிட்டேன்னு. அவ்வளவுதான். அந்தப் பிள்ளைங்க இப்பதான் ரெண்டு எழுத்தப் பாக்குதுங்க. நான் போயிட்டா அந்தக் கொட்டாயப் பூட்டிடுவாங்க."

"தெரியாமயா?" என்றார் அவர். "தெய்வசிகாமணி தெரியாம ஒண்ணு பண்ணிட்டான்னு வெளிய தெரிஞ்சா எனக்கு ஒரு ஓட்டு விழுமா? ஒரு வேட்பாளன் வாபஸ் வாங்கக் கூடாதும்மா. வேட்புமனு வேற, வாக்கு வேற..."

அவர் வாக்கியத்தை முடிக்கும்போது கேட்பதற்கு ஜெயம் மட்டும்தான் இருந்தாள். அவளும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். மருமகள் தெருக்கோடியைத் தாண்டியிருந்தாள். மகன் ஏணியைத் தூக்கிக்கொண்டு எதிர்த் திசையில் கிளம்பிவிட்டான். அவனுக்கு அவசரமாகப் போக ஒரு காரணம் இருந்தது. பகலில் அப்பாவுக்குச் சுவரெல்லாம் குடை வரைகிற இராமதாஸ், விடிவதற்கு முன் தணிகாசலத்துக்குப் படகு வரைந்துகொண்டிருந்தான். குடைக்கு அப்பா கொடுத்தது ஆசீர்வாதம். படகுக்குத் தணிகாசலம் கொடுத்தது கூலி. இது அந்த வீட்டில் பெண்கள் இருவருக்கும் மட்டும் தெரிந்த சங்கதி.

வைத்திக்குப்பத்துக் கொட்டகைக்கு முன்னால் வலை காய்ந்துகொண்டிருக்கும். பின்னால் கடல் காய்ந்துவிடாமல் இரைந்துகொண்டிருக்கும். நடுவில் பாய் விரித்துச் சுலோசனாவின் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள்.

அவளுக்கு முன்னால் இருந்த வாத்தியார் காலையில் 'அ' என்று ஆரம்பித்தால் மத்தியானம் வரைக்கும் 'அ'விலேயே இருப்பார். பிள்ளைகள் 'ஆ' வருவதற்குள் கடற்கரைக்கு ஓடிவிடுவார்கள். சுலோசனா வேறு மாதிரி ஆரம்பித்தாள். பிள்ளைகள் வீட்டில் தினம் கையால் தொடுகிற பொருளைப் படமாகக் காட்டுவாள். படத்தின் கீழே அதன் பெயர். பெயரை முழுசாகப் பார்த்து, முழுசாகச் சொல்ல வேண்டும். கொஞ்ச நாள் போனதும் உள்ளங்கையால் படத்தை மூடிக்கொண்டு எழுத்தை மட்டும் காட்டுவாள். அப்புறம் பலகையில் அந்தச் சொல்லை எழுதி, பக்கத்தில் அவரவர் மனசில் இருக்கிற மாதிரி படம் போட வேண்டும். நண்டுக்கு எத்தனை கால் என்பதில் தினம் ஒரு சண்டை நடக்கும். சண்டை போடுகிறவர்கள் ஓடிப் போவதில்லை என்பதை அவள் கவனித்து வைத்திருந்தாள்.

தேர்தல் பேச்சே எழாத தை மாசத்தில் செய்த அட்டைகள் இவை. படகு எப்போதோ வந்து, பிள்ளைகள் வாயில் ஏறி உட்கார்ந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் தணிகாசலத்துக்கு அந்தச் சின்னம் கிடைத்தது.

இன்ஸ்பெக்டர் ராஜாங்கம் சைக்கிளில் வந்து இறங்கினார். கடலூர்க்காரர். மாற்றலாகி வந்த நாளிலிருந்து இந்த ஊர்ப் பெரிய மனிதர்கள் தன்னிடம் பிரெஞ்சில் கோபப்படுவதும், தான் தமிழில் பயப்படுவதுமாகக் காலம் தள்ளிக்கொண்டிருந்தவர்.

"நீங்கதானா அந்தப் படகு டீச்சர்?" என்றார். "அட்டையக் காட்டுங்க."

வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போனார். எதிர்ச் சுவரில் தணிகாசலத்தின் படகு, ஆள் உயரத்துக்கு, 'உங்கள் ஓட்டு படகுக்கே' என்று பாய் விரித்திருந்தது. அட்டையை நீட்டிப் பிடித்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். அதே பாய். அதே வளைந்த மூக்கு. எழுத்தும் அதேதான்: சிவப்பு உடம்பு, வலது பக்கத்தில் கறுப்பாக ஒரு நிழல்.

"ரெண்டும் ஒரே கைதானே?"

பொய் சொல்ல அவளுக்கு ஒரு விநாடி இருந்தது. அந்த விநாடியைச் சுலோசனா வீணாக்கிவிட்டாள். "ஆமாம் சார். ரெண்டும் எங்க வீட்டுக்காரர் போட்டதுதான். அட்டை தையில போட்டது. அந்தச் செவுரு போன வாரம்."

"இன்னாது!"

வாசலில் ஒரு குடை நின்றிருந்தது. அதற்கு அடியில் தெய்வசிகாமணி. வாபஸ் என்ற சொல்லைச் சொல்லாமலே வாபஸ் வாங்குவது எப்படி என்று ரிக்‌ஷாவில் வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தவர். இப்போது அந்த ஒத்திகை மொத்தமும் மறந்துபோய், சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"படகு... அவனா?"

"ஆமாம் மாமா."

"கூலி வாங்கறானா?"

"ஆமாம் மாமா."

"குடைக்கு என்கிட்ட ஒண்ணும் கேக்கலையே!"

"கேட்டாரு மாமா. நீங்க தத்துவம் சொன்னீங்க."

ராஜாங்கம் குடையை அடையாளம் கண்டுகொண்டார். 'ஐயா' என்பதற்கு இந்த ஊரில் 'மெசியே' என்று சொல்ல வேண்டும் என்பது ஒன்றுதான் அவர் கற்றுக்கொண்ட பிரெஞ்சு. "அடடே, மெசியே! அன்னிக்கு வந்தது நீங்கதானே? நீங்க பேசினதுல வைத்திக்குப்பம், படகு, இந்த ரெண்டுதான் எனக்குப் புரிஞ்சது. மத்ததெல்லாம் ஹெட்கிளார்க் தமிழ்ப்படுத்தினாரு. ஆமா, இந்த டீச்சரம்மாவ உங்களுக்கு முன்னமே தெரியுமா?"

தெய்வசிகாமணி பதில் சொல்வதற்கு முன் கடலைப் பார்த்தார். அது உதவிக்கு வருவதாகத் தெரியவில்லை.

"என் மருமவ" என்றார். மேரியில் இறப்பு எழுதிய காலத்தில்கூட அவர் குரல் அவ்வளவு தாழ்ந்ததில்லை.

இன்ஸ்பெக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "நான் சரியாத்தான் புரிஞ்சுக்கிட்டேனான்னு பாருங்க. உங்க பையன் போட்ட படகக் காட்டி, உங்க மருமக, உங்க எதிராளிக்கு ஓட்டுக் கேக்கறாங்க. அதத் தடுக்கச் சொல்லி நீங்க என்கிட்ட வந்தீங்க."

"இது ஒரு குடும்ப விஷயம்..." என்று ஆரம்பித்தார் தெய்வசிகாமணி.

"அப்ப அத வூட்டுல வெச்சுக்குங்க. எனக்கு வேண்டியது ஒண்ணுதான். இந்தப் பிள்ளைங்க படத்தப் பாத்துக் கத்துதா, எழுத்தப் பாத்துப் படிக்குதா? படத்தப் பாத்துதான் கத்துதுன்னா இது பிரசாரம், டீச்சரம்மா வீட்டுக்குப் போகலாம். எழுத்தப் படிக்குதுன்னா இது பள்ளிக்கூடம். உக்காருங்க மெசியே."

உட்காரக் கொட்டகையில் பிள்ளைகளின் பாய்தான் இருந்தது. கஞ்சி போட்ட வேட்டி நொறுங்க, தெய்வசிகாமணி பாயில் உட்கார்ந்தார். பக்கத்தில் கொளஞ்சி என்ற ஆறு வயசுப் பெண் அவருக்காக நகர்ந்து இடம் கொடுத்தாள். அவர் கையில் இருந்ததை மேலும் கீழும் பார்த்தாள்.

"தாத்தா, இதான் குடையா?"

"ஆமா."

"செவுத்துல அழகா இருந்துச்சே."

ராஜாங்கம் அட்டைகளைக் கலைத்தார். படங்களின் மேல் தன் கைக்குட்டையைப் போட்டு மூடினார். எழுத்தை மட்டும் காட்டினார். "வடை!" என்று ஒரு கூட்டம் கத்தியது. "வலை!" "நண்டு!" "படகு!" எதற்கும் தயக்கமில்லை. சுலோசனாவுக்கு மூச்சு வந்தது.

"டீச்சரம்மா, நீங்க இனிமே வாயத் திறக்கப்படாது" என்றார் அவர். "அட்டையில எண்ணெய்க் கறை இருக்குது, ஓரம் கிழிஞ்சிருக்குது. அடையாளம் வெச்சுக்கிட்டுகூடச் சொல்லலாம்." சாக்பீஸை எடுத்துக் கரும்பலகைக்குப் போனார். தன் கையால் எழுதினார்: படகு.

கொட்டகையில் சத்தமே இல்லை.

பிள்ளைகள் பலகையைப் பார்த்தார்கள். தலையைச் சாய்த்துப் பார்த்தார்கள். அம்மாவாசை என்ற பையன் எழுந்து கிட்டே போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தான். ஒருத்தி வாயில் விரலை வைத்துக்கொண்டாள்.

"ஏன், இப்பதானே கத்தினீங்க?" என்றார் ராஜாங்கம். அவர் குரலில் சந்தோஷம் இல்லை. அதுதான் சுலோசனாவுக்குப் பயமாக இருந்தது. அந்த மனுஷன் பிள்ளைகள் சொல்லிவிட வேண்டும் என்றுதான் நின்றுகொண்டிருந்தார்.

தன் தப்பு எங்கே இருந்தது என்று அவளுக்கு அப்போது புரிந்தது. இந்தப் பிள்ளைகள் ஆறு மாசமாகப் பார்த்தது ஒரே ஒரு கையின் எழுத்து. இராமதாஸின் எழுத்து. தடியாக, வளைவாக, கடைவாசலில் நின்று ஆளைக் கூப்பிடுகிற எழுத்து. உலகத்தில் எழுத்து என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். இன்ஸ்பெக்டரின் எழுத்தோ, கோப்புகளில் 'பார்த்தேன்' என்று எழுதி எழுதித் தேய்ந்துபோய், ஓர் எறும்பு மைக்கூட்டில் விழுந்து எழுந்து வீட்டுக்குப் போன மாதிரி இருந்தது. சொல்ல வார்த்தை வாய் வரை வந்தது. திறக்கக் கூடாது என்று உத்தரவு.

தெய்வசிகாமணி மருமகளின் முகத்தைப் பார்த்தார். புகார் ஜெயிக்கப் போகிறது. தான் சொன்ன ஒரு புகார் தோற்றுப்போக வேண்டும் என்று அவர் நினைத்தது அதுவே முதல் தடவை.

கொளஞ்சிதான் பொறுக்க முடியாமல் கேட்டாள். "சார், இதுல நிழலக் காணோமே?"

"இன்னா காணோம்?"

"நிழலு. எழுத்துக்கு நிழலு இருக்கும்ல? உங்களுதுல இல்ல. நிழலு இல்லாட்டி எப்பிடிப் படிக்கிறது?"

ராஜாங்கம் பலகையையும் அட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். சுலோசனா வாயைத் திறக்காமல், கையைக் கூப்பி, கொளஞ்சியின் பக்கம் காட்டி, சாக்பீஸைக் காட்டினாள். அவருக்குப் புரிந்தது. சாக்பீஸை அந்தப் பெண்ணிடம் நீட்டினார்.

"அப்ப நீயே போடு. நிழலு எந்தப் பக்கம் விழும்?"

"சோத்தாங்கைப் பக்கம்."

கால்விரல் நுனியில் நின்றுகொண்டு கொளஞ்சி ஆரம்பித்தாள். இன்ஸ்பெக்டர் இழுத்த கோட்டின் வலது பக்கம் ஒட்டியே இன்னொரு கோடு. அவர் வளைத்த இடத்தில் அவளும் வளைத்தாள். அவர் சோம்பேறித்தனமாக விட்டுவிட்ட இடத்தை 'ச்சு' என்று சொல்லிக்கொண்டு அவளே மூடினாள். தினமும் பலகையில் பழகிய கை அது. முதல் எழுத்து முடிந்தது. இரண்டாவதில் பாதி வந்திருக்கும்.

"டேய், படகுடா!" என்றான் அம்மாவாசை.

"படகு! படகு!" என்று கொட்டகை அதிர்ந்தது. வெளியே வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தேர்தல் விதிப்படி பார்த்தால் அது கடுமையான குற்றம்.

ராஜாங்கம் அடுத்த சொல்லை எழுதினார். கொளஞ்சி நிழல் போடத் தொடங்கினாள். முதல் எழுத்து முடிவதற்குள் "வலை!" என்று வந்தது. மூன்றாவதாக அவர் மீனை எழுதினார். கொளஞ்சி சாக்பீஸைத் தூக்கினாள். அது பலகையில் படுவதற்கு முன்பே பின்வரிசையிலிருந்து ஒரு மெல்லிய குரல், "மீனு" என்றது. காலையிலிருந்து வாய் திறக்காத குழந்தை அது.

நாலாவது சொல்லுக்குக் கொளஞ்சி எழுந்திருக்கவே இல்லை. "நண்டு" என்றாள் உட்கார்ந்தபடியே. "கால் சரியா இல்ல சார். ஆனா நண்டுதான்."

ராஜாங்கம் சாக்பீஸை வைத்துவிட்டார். கண்ணாடியைத் துடைக்க எடுத்த கைக்குட்டையில் நல்லெண்ணெய் வாசனை அடித்தது. வடை அட்டையின் கைங்கரியம்.

"எல்லாரும் பலகைய எடுங்க. உங்களுக்குப் பிடிச்ச ஒரு வார்த்தைய எழுதிப் படம் போடுங்க."

பிள்ளைகள் குப்புறக் கவிழ்ந்துகொண்டார்கள். குச்சிகள் கிறீச்சிட்டன. மீன்கள் நீந்தின. வடைகளுக்கு ஓட்டை விழுந்தது. ராஜாங்கம் குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்து, கொளஞ்சியிடம் நின்றுவிட்டார். அவள் பலகையில், நிழலோடு, 'குடை' என்று இருந்தது. பக்கத்தில் ஒரு கம்பி உடைந்த குடையும் இருந்தது. பார்த்து வரைந்திருக்கிறாள்.

"இது அட்டையில இல்லையே, டீச்சரம்மா?"

"இல்ல சார்." அவளுக்குப் பேச அனுமதி கிடைத்துவிட்டது. "மாமா தேர்தல்ல நிக்கறாரு. அதனால அந்த வார்த்தைய நான் இவங்களுக்குக் காட்டினதே இல்ல."

"பின்ன எங்கேருந்து வந்துச்சு, பாப்பா?"

"செவுத்துலேருந்து" என்றாள் கொளஞ்சி. "எங்க தெருவுல இருக்குது, கோயிலாண்ட இருக்குது, சாராயக் கடையாண்ட இருக்குது. படம் மேல இருக்குது, பேரு கீழ இருக்குது. எங்கம்மா மீன் விக்கப் போவும்போது கூடவே போனேனா, எல்லாத்தையும் படிச்சுக்கினே போனேன்."

தெய்வசிகாமணி எழுந்தார். அவருக்குள் அணைந்திருந்த ஏதோ ஒன்று குபீரென்று பற்றிக்கொண்டதை எல்லோரும் பார்த்தார்கள். "கவனிச்சீங்களா இன்ஸ்பெக்டர்! என் தேர்தல் பிரசாரத்தின் மூலமாக இந்த நகரத்து இளம் சிறார்களுக்கு நான் கல்விக் கண்ணைத் திறந்து..."

"மாமா" என்றாள் சுலோசனா.

"உக்காருங்க மெசியே" என்றார் ராஜாங்கம். "பிள்ளைங்க எழுதுதுங்க."

அவர் உட்கார்ந்தார். ஆச்சரியம்தான். பிறகு, யாரும் கேட்காமலே சொன்னார். "நான் சொன்ன புகாரு தப்பு. எழுதிக்கறதுன்னா எழுதிக்குங்க. விசாரிக்காம சொல்லிட்டேன்."

"எழுதிக்கறதுக்கு இன்னா இருக்குது? நீங்க சொன்னது பிரெஞ்சுல. எனக்குத்தான் புரியலையே" என்றார் ராஜாங்கம். பிறகு சுலோசனாவின் பக்கம் திரும்பினார். "நீங்க இங்கயே இருங்கம்மா. நீடிக்கணும்னு நான் இன்னிக்கே எழுதிடறேன். ஆர்டர் வர நாளாகும். அது நடந்து வர ஆர்டர். ஆனா ஒரு நிபந்தனை."

"சொல்லுங்க சார்."

"ஒரே கை எழுத்து வேணாம். ஒவ்வொரு வார்த்தையும் நாலஞ்சு பேர் கையில எழுதி வெய்யுங்க. நிழலோட ஒண்ணு, நிழல் இல்லாம ஒண்ணு, கோணலா ஒண்ணு. என் கையாலயும் எழுதித் தரேன். என் எழுத்தப் படிச்சுட்டா இதுங்க உலகத்துல எதயும் படிச்சுடும்."

சுலோசனா தலையை ஆட்டினாள். நன்றி சொல்ல வேண்டும் என்று தோன்றியது. சொன்னால் அழுதுவிடுவோம் என்றும் தோன்றியது. அதனால், "பிள்ளைங்களா, வூட்டுக்குப் போயி சாப்ட்டு வாங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நின்றுகொண்டாள்.

பிள்ளைகள் பலகைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். போகிற வழியில் எழுத்து தெரிந்த இடத்திலெல்லாம் நின்றார்கள். தெரியாததைத் தாண்டிப் போனார்கள், தெரிந்ததைக் கத்தினார்கள். வைத்திக்குப்பத்தில் அன்றைக்கு அதிகமாகத் தெரிந்தது குடைதான். இராமதாஸ் அப்பாவுக்காகச் சுவரெல்லாம் உழைத்திருந்தான்.

வெயில் ஏறியது. ராஜாங்கம் சாப்பிடக்கூடப் போகாமல், வெற்று அட்டைகளை மடியில் வைத்துக்கொண்டு எழுதத் தொடங்கிவிட்டார். கோப்புக்கு வெளியே எழுதிப் பழகாத மனிதர். ஒவ்வொரு சொல்லையும் எழுதி முடித்ததும், பழக்க தோஷத்தில் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு அடித்தார்.

ஓர் அட்டையைத் தெய்வசிகாமணியின் பக்கம் நகர்த்தினார். "நீங்களும் எழுதுங்க. உங்களுது மேரி எழுத்து. பாக்கணும்."

அவர் தெம்பாகப் பேனாவைத் திறந்தார். "குடைன்னு எழுதட்டுமா?"

"அத நீங்க எழுதக் கூடாது மாமா" என்றாள் சுலோசனா. "பாக்கி எல்லாத்துலயும் சார் எழுதிட்டாரு. படகுதான் மிச்சம்."

பேனா அந்தரத்தில் நின்றது. தெய்வசிகாமணி மருமகளைப் பார்த்தார். அவள் கெஞ்சவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. ஒரு பையனிடம் பாடம் கேட்கிற டீச்சர் மாதிரி காத்துக்கொண்டிருந்தாள்.

"ராத்திரி அவன் வரட்டும், வெச்சுக்கறேன்" என்று முணுமுணுத்தார். அது மகனுக்கு. பிறகு முதுகை நிமிர்த்தி, நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு எழுத ஆரம்பித்தார். எத்தனையோ பேருடைய பிறப்பை எழுதிய கை. கொக்கி பிசகாமல், கோடு நடுங்காமல், ப எழுந்தது. ட பக்கத்தில் வந்து நின்றது. அவர் தன்னை மறந்திருந்தார். குடை ஓரமாக மடங்கிக் கிடந்தது.

அப்போது வெளியே ஒரு மோட்டார் கார் மணலில் உறுமி நின்றது. பிள்ளைகளின் கூச்சல் அதைச் சுற்றிக்கொண்டு வந்தது. "குடை! குடை!" கதவை அறைந்து சாத்திக்கொண்டு, ரோஜாப்பூ மாலையோடு வேட்பாளர் தணிகாசலம் வாசலை அடைத்தார். பிரசாரத்தின் நடுவில் வந்திருக்கிறார். மாலையைக் கழற்றக்கூட நேரமில்லை.

"இன்ஸ்பெக்டர் எங்க? இது பள்ளிக்கூடமா, பார்ட்டி ஆபீசா? தெருவெல்லாம் பிள்ளைங்க குடை குடைன்னு கத்துதுங்க. அந்தாளு மருமவள இங்க வெச்சுக்கிட்டு..."

மேலே வரவில்லை. அவர் கண்ணில் பட்டது, பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, அழகான எழுத்தில் 'படகு' என்று எழுதிக்கொண்டிருக்கும் தெய்வசிகாமணி.

"யோவ்" என்றார் தணிகாசலம், குரல் இறங்கி. "இன்னாய்யா பண்ற?"

தெய்வசிகாமணி நிமிரவில்லை. கடைசி எழுத்தின் சுழி பாக்கி இருந்தது.

சுலோசனா பையிலிருந்து ஒரு வெற்று அட்டையை எடுத்துத் தூசி தட்டினாள்.

"செருப்ப வெளிய விட்டுட்டு உள்ள வாங்கய்யா" என்றாள். "நல்ல நேரத்துலதான் வந்தீங்க. நீங்க எழுதறதுக்கும் ஒரு வார்த்தை மிச்சம் இருக்குது."